எண் வந்தது, அலகு வந்ததா?

நம் ஊரில் ஒருவருடைய நோய் வரலாறு பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பைக்குள்தான் இருக்கிறது. கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், எக்ஸ்றே படம் எல்லாம் அதற்குள். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் அதைத் தூக்கிச் செல்பவர் நோயாளியே. வைத்தியசாலைகள் கணினிக்கு மாறினால் இந்தச் சிரமம் தீரும் என்கிறார்கள். தீரலாம். ஆனால் அந்தக் கணினிகள் ஒன்றையொன்று சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

சென்ற வருடம் என் மாமா கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தார். போகும் முன்னர் இங்கே பார்த்தபோது அவருக்குச் சீனி 190. அங்கே முதன்முறை எடுத்த அறிக்கையில் 11.2 என்றிருந்தது. "அல்ஹம்துலில்லாஹ், தம்பிக்குச் சீனி நல்லாக் குறைஞ்சிட்டு" என்றார் உம்மா. நான் தாளை வாங்கிப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘லீற்றருக்கு மில்லிமூல்’ என்ற அலகு இருந்தது. இது உயர்தர இரசாயனவியலில் வரும் கணக்குத்தான். குளுக்கோசின் மூலர்த் திணிவு 180. ஆகவே லீற்றருக்கு ஒரு மில்லிமூல் என்பது, நாம் இங்கே பயன்படுத்தும் அலகில் டெசிலீற்றருக்கு 18 மில்லிகிராம். 11.2ஐ 18ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 202. சீனி குறையவேயில்லை. மறுநாளே மாமா வைத்தியரிடம் போனார்.

ஒரு கணினி இன்னொன்றுக்கு 11.2 என்ற எண்ணை மட்டும் அனுப்பினால் என்ன நடக்கும்? சீனி கூடிய ஒருவரை, சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியவர் என்று மற்றக் கணினி எடுத்துக்கொள்ளலாம். இதைத் தவிர்க்கத்தான் பொது நியமங்கள் இருக்கின்றன. 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய எச்.எல்.7 அமைப்பின் ‘ஃபயர்’ நியமத்தில், எண்ணோடு அதன் அலகையும் பரிசோதனையின் குறியீட்டையும் சேர்த்தே அனுப்பலாம். நோய்களின் பெயருக்கும் அப்படியொரு வழி உண்டு. நாம் சீனி வருத்தம் என்கிறோம், பாடநூல் நீரிழிவு என்கிறது, சிங்களத்தில் தியவெடியாவ. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்படுத்தலில் அதன் இரண்டாம் வகைக்கு எந்த மொழியிலும் ஒரே குறியீடு: ஈ11.

நியமத்தின்படியே மென்பொருள் செய்தோம் என்று சொன்னால் நம்பிவிட முடியுமா? அதற்காகவே 1999 முதல் ‘கனெக்டதோன்’ என்ற ஒன்றுகூடல் நடந்து வருகிறது. ஒன்றோடொன்று போட்டியிடும் கம்பனிகளின் பொறியியலாளர்கள் ஒரே இடத்தில் கூடி, கற்பனை நோயாளிகளின் விபரங்களைத் தங்கள் கணினிகளுக்கிடையே அனுப்பிப் பார்க்கிறார்கள். அனுப்பியதும் கிடைத்ததும் ஒன்றுதானா என்று கண்காணிப்பாளர்கள் சரிபார்க்கிறார்கள். பிழை அங்கே வெளிப்பட்டால் எந்த நோயாளிக்கும் பாதிப்பில்லை.

நமது சுகாதார அமைச்சும் இதற்கான நியமங்களை வெளியிட்டிருக்கிறது. ஒருவரை அடையாளம் காண 11 இலக்கத் தனிநபர் சுகாதார எண்ணும் இருக்கிறது. நம்மவர்களுக்கு இது மிகவும் தேவை. முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! அடையாள அட்டையில் ஒரு விதம், கிளினிக் கொப்பியில் இன்னொரு விதம். வாப்பாவின் பெயர் முன்னால் வருவதால், எது சொந்தப் பெயர் என்றே வெளியூரார் தடுமாறுகிறார்கள்.

ஆகவே இந்த நாட்டில் கணினிகளைப் பரிசோதிக்கும்போது, கற்பனை நோயாளிகளில் ஒருவராவது ஓட்டமாவடிக்காரராக இருக்க வேண்டும். அவருக்கு நீளமான பெயரும், இரண்டு விதமான எழுத்துக்கூட்டலும், கட்டாரில் எடுத்த அறிக்கையும் இருக்கட்டும். அவருடைய விபரம் பிசகாமல் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பரிசோதனை நமக்கும் உரியது. அதுவரை, தோழிகளே, வீட்டுக்கு ஓர் அறிக்கை வந்தால் எண்ணோடு அலகையும் வாசித்துச் சொல்லுங்கள்.