திராட்டில் பாடிக்கு எதற்கு வெந்நீர்?

"ஊட்டிக்கு அடிக்கடி போவீங்களா தம்பி?"

பவர் ஏற்ற வந்த இளைஞர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கோவை செட்டிபாளையம் பக்கம், கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் வண்டிகளும் ஊருக்குள் ஓடும் வண்டிகளும் கலந்து நிற்கும் தகரக் கூரைப் பட்டறை அது. அவருடையது பழைய ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர் எஞ்சின். எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் திராட்டில் பாடிக்குள் ஓடும் கூலண்ட் லைனை பைபாஸ் செய்துவிட்டால் காற்று குளிர்ச்சியாக உள்ளே போகும், இழுவை கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்தார். ஆள் அதிகம் பேசமாட்டார். ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன், அது அங்கே எதற்காக இருக்கிறது என்று பையன்களிடம் கேட்டுவிடுவார். அன்று பதில் தெரியாமல் விழித்தவர்களில் நானும் ஒருவன்.

திராட்டில் பாடியின் தகடு லேசாகத் திறந்திருக்கும்போது, குறுகிய இடுக்கு வழியாகக் காற்று பாய்ந்து போகிறது. அங்கே அழுத்தம் விழுகிறது. கூடவே வெப்பமும் விழுகிறது. வெளியே பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலே இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் தகட்டின் விளிம்பில் பனி கட்டும். தகடு ஒட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் வண்டி அடங்காது. அதற்காகத்தான் எஞ்சினில் சூடான கூலண்டை இரண்டு சிறிய ஹோஸ் வழியாக அங்கே சுற்றவிட்டிருக்கிறார்கள். ஜப்பானின் குளிர்காலத்துக்கு இது அவசியம். கோவைக்கு வேண்டியதில்லை. ஜனவரி விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் ஊட்டிக்கு? அதனால்தான் அந்தக் கேள்வி.

சரி, பவர்? காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். நூறு குதிரைத்திறனில் ஒன்று. அந்த 3 டிகிரிகூட இங்கே தேறாது. முழு வேகத்தில் எஞ்சின் காற்றை இழுக்கும்போது, உள்ளங்கை அகலமுள்ள திராட்டில் பாடியை அது கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட்தான் ஆகும். அதற்குள் எவ்வளவு சூடேறிவிடும்?

"பின்ன எதுக்குங்கண்ணா ரேஸ் வண்டில எல்லாம் பண்றீங்க?" என்றார் இளைஞர்.

பதில் பவர் பற்றியதல்ல. பந்தய வண்டியில் திராட்டில் பாடியை அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கூலண்ட் கொட்டினால், மறுபடி ஊற்றி ஏர் எடுக்க வேண்டும். லைன் இல்லையென்றால் நட்டைக் கழற்றி வேலையை முடித்துவிடலாம். இன்னொரு காரணம் ஓரத்தில் நின்ற வெள்ளைக் கார். வருடக்கணக்கில் கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர். திராட்டில் பாடியின் குழாய் முனை அரித்துக் கசிந்துகொண்டிருந்தது. "சிறுவாணித் தண்ணி ஊத்துனாலும் துரு பிடிக்குமுங்க" என்றார் பட்டறைக்காரர் என்னிடம். கோவைக்காரர் வாயிலிருந்து சிறுவாணியைப் பற்றி இப்படி ஒரு சொல் வந்ததே பெரிய விஷயம்.

அந்த வெள்ளைக் காருக்கு பைபாஸ் நடந்தது. எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவிடவில்லை. பையன் இரண்டு ஹோஸையும் உருவி, வழிந்ததைத் தட்டில் பிடித்து உடனே மூடிவைத்தான். இதில் இருந்தது போர் தண்ணீர்தான், ஆனாலும் பழக்கம் அது. கூலண்ட் இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடும். வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. இரண்டு முனைகளையும் பித்தளை ஜாயின்டரால் இணைத்து கிளிப் போட்டான். ஏன் இரண்டையும் தனித்தனியாக அடைத்துவிடக் கூடாது என்று கேட்டேன். சில எஞ்சின்களில் வேறு பாகத்துக்குப் போகும் ஓட்டமும் இதே வழிதானாம். அடைத்தால் அதுவும் நிற்கும். பிறகு ஹீட்டரை முழுக்கத் திறந்து, கூலண்ட் ஊற்றி, குமிழி நிற்கும்வரை ஏர் எடுத்தார்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடி நின்று, மறுபடி ஓடிய பிறகுதான் அவருக்குத் திருப்தி.

இதைவிட நுணுக்கமான இடம் ஐடிலிங். சில பழைய எஞ்சின்களில் இதே கூலண்ட் ஒரு மெழுகு வால்வையும் சூடாக்குகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அந்த வால்வு திறந்து கூடுதல் காற்றை விடும். சூடேறினால் மெழுகு விரிந்து வழியை மூடும். தெரியாமல் அந்த லைனையும் துண்டித்துவிட்டால் எஞ்சின் சூடான பிறகும் ஐடிலிங் இறங்காமல் ரேஸ் ஆகிக்கொண்டே நிற்கும். அப்படி வரும் வண்டிகளில் சென்சார், வயரிங் எல்லாம் மாற்றிப் பார்த்துச் செலவழித்திருப்பார்களாம். இவர் முதலில் தடவிப் பார்ப்பது அந்த வால்வு சில்லென்று இருக்கிறதா என்றுதான்.

சிட்டிக்காரர் விடவில்லை. "நம்ம வண்டிக்கும் போட்டுருங்கண்ணா."

பட்டறைக்காரர் பதில் சொல்லாமல் எஞ்சின் அறையில் பளபளத்த கோன் ஃபில்டரைக் காட்டினார். கம்பெனி கொடுத்த ஏர் பாக்ஸ் வெளிக்காற்றை இழுக்கும். கழற்றிய இடத்தில் இது நின்று எஞ்சினின் அனல் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

"பழைய பாக்ஸ் வீட்டுல இருக்குதுங்களா?"

"வித்துட்டனுங்கண்ணா."

பையனைக் கூப்பிட்டு, உக்கடத்தில் பழைய பார்ட்ஸ் விற்பவருக்கு போன் போடச் சொன்னார்.