குன்னூர் வீட்டுப் புகைபோக்கி

ஊட்டிக்கு ஆடி மழைன்னா குன்னூருக்கு ஐப்பசி மழை. எங்க தாத்தா கட்டின வீட்டுல கணப்பு அடுப்பு எரிஞ்சு 20 வருஷமாச்சு. ஆனாலும் ஐப்பசி வந்தா புகைபோக்கிச் சுவர் மட்டும் பழுப்பா வேர்த்துடும். அந்த ரூம்லதான் பாட்டி இளைப்போட படுத்திருக்காங்க.

மழைத்தண்ணி இறங்குதுன்னு சொல்லி ஒரு கொத்தனார் மேலே பலகைக்கல் போட்டு மூடி, கீழே செங்கல் வெச்சு அடைச்சு, சுவருக்குச் சிமெண்ட் பூசிட்டுப் போனார். அடுத்த ஐப்பசியிலேயே கறை திரும்ப வந்துடுச்சு!

விஷயம் மழையில இல்லீங்க, கரியில. வருஷக்கணக்கா எரிஞ்ச விறகோட புகையிலிருந்து உப்பு செங்கல்லுக்குள்ள ஊறிக் கிடக்கும். மழைநாள்ல சமையலறை உப்பு ஜாடி கசியுமே, அதே மாதிரி அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். காத்து போக வழியில்லாம அடைச்சு, சிமெண்டும் பூசினா உள்ள போன ஈரம் எப்படிக் காயும்?

மேலே மழை விழாம பக்கவாட்டுல காத்து போற மூடி, கீழே ரெண்டு செங்கல்லை உருவிட்டுக் கம்பிவலை, உப்பேறின பூச்சைக் கொத்தி எடுத்துக் காயவிட்டு அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு. இதுதான் என் திட்டம்.

"அடைக்கவும் காசு, திறக்கவும் காசா?"ன்னார் அப்பா. போன பணம் இந்தக் கணக்குல வராதுப்பான்னேன். பி.காம். படிச்சதுக்கு அன்னிக்குத்தான் உபயோகம்! முறைச்சார். ஆனா சாயங்காலமே கடப்பாரை எடுத்துட்டு வந்தார்.