சீழ்க்கட்டிக்கு வழி விட வேண்டும்

கட்டி வந்தால் நம் வீடுகளில் முதல் வைத்தியம் அடுப்படியில்தான். அரிசி மாவில் மஞ்சள் போட்டுக் களியாகக் கிண்டி, சூடு பொறுக்கும் பதத்தில் அம்மா பத்துப் போடுவார். "கண் வைக்கட்டும், உடைஞ்சிடும்" என்பார். சின்னக் கட்டிக்கு அது சரியே. வெதுவெதுப்பான ஒத்தடத்தைத்தான் இன்றைய டாக்டர்களும் சொல்கிறார்கள்.

பெரிய கட்டி வேறு சமாச்சாரம். கிருமியோடு சண்டையிட்டு மடிந்த வெள்ளை அணுக்களும், செத்த சதையும், மிச்சக் கிருமிகளும் சேர்ந்ததே சீழ். அது பரவாமலிருக்க உடம்பு சுற்றிலும் சுவர் எழுப்புகிறது. அதே சுவர் மாத்திரையின் மருந்தையும் உள்ளே சரியாகப் போக விடுவதில்லை. அதனால்தான் கீறி வெளியேற்ற வேண்டும் என்கிறார்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குப் பஸ்தேர் என்றால் வெறிநாய்க்கடி ஊசிதான். அவர் 1880-லேயே கட்டியின் சீழில் கொத்துக் கொத்தான கிருமிகளைக் கண்டு எழுதியவர் என்பது ஓய்வுக்குப் பின் படித்துத் தெரிந்துகொண்டது. அதற்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று 1882-ல் பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்து டாக்டர் ஓக்ஸ்டன். கிரேக்கத்தில் ஸ்டாஃபிலே என்றால் திராட்சைக் குலை. பிரெஞ்சில் கட்டிக்கு 'அப்ஸே' என்று பெயர். மூடி மறைத்த சண்டையைப் போட்டு உடைப்பதற்கு 'க்ரெவே லப்ஸே', அதாவது கட்டியை உடைப்பது என்பார்கள். பாகப்பிரிவினை நடந்த வீடுகளுக்கு விளக்கம் தேவையில்லை!

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. பிடரியில் நாலைந்து கண்களோடு கட்டி வந்தது. நம் பெரியவர்கள் ராஜபிளவை என்று பயந்தார்களே, அதுதான். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டே பத்து நாள் கடத்திவிட்டார். குளிர்க்காய்ச்சல் வந்த ராத்திரி, "மாமா, கிளம்புங்க" என்று கையைப் பிடித்துத்தான் அழைத்துப் போனேன். சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. விடியற்காலையில் கீறினார்கள். விஷம் ரத்தத்தில் ஏறத் தொடங்கியிருந்தது, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

தையல் போடவில்லையே என்று அக்காவுக்கு ஒரே கவலை. மேல்தோல் முதலில் மூடினால் அடியில் மறுபடி சீழ் கட்டும். புண் அடியிலிருந்து ஆறி மேலே வர வேண்டும். அதற்காகத் தினமும் துணித்திரியை மாற்றினார்கள். இரண்டு மாதம் ஆயிற்று. கூடவே இன்சுலினும், ஆன்டிபயாடிக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள், காய்ச்சலோடு சிவப்பும் பரவுகிறவர்கள், மூக்கு, மேலுதட்டுப் பக்கம் கட்டி வந்தவர்கள் பத்துப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். யாரும் எந்தக் கட்டியையும் பிதுக்க வேண்டாம். மாமா இப்போது சலூனில் உட்காரும்போதே, "பிடரியில கத்தி வேணாம்பா" என்று சொல்லிவிடுகிறார்.