தொண்ணூற்றொன்பதின்மர்

1929ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் பெண்களுக்கென முதல் நெடுந்தொலைவு வான்பந்தயம் நடைபெற்றது. கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் தொடங்கி ஓகியோவின் கிளீவ்லாந்தில் முடியும் அப்பந்தயத்தில் இருபது பெண்கள் கலந்துகொண்டனர். அவர்களுள் மார்வெல் கிராசன் என்பவர் அரிசோனாவில் விமானம் விழுந்து உயிரிழந்தார். உடனே, பந்தயத்தை நிறுத்துக என்று குரல்கள் எழுந்தன. ஆண் ஒருவர் விழுந்தால் அவருடைய எந்திரத்தை ஐயுறும் உலகம், பெண் ஒருவர் விழுந்தபோது பெண்ணினத்தையே ஐயுற்றது. மற்றவர்கள் அஞ்சித் திரும்பவில்லை, தொடர்ந்து பறந்தனர். லூயிஸ் தேடன் வென்றார்.

வழியெங்கும் போட்டியாளராய் இருந்தவர்கள் கிளீவ்லாந்தில் தோழியராய்க் கூடிப் பேசினர். தமக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்னும் எண்ணம் அங்கே வலுப்பெற்றது. உரிமம் பெற்றுவிட்டால் போதுமா? ஊதியம் தரும் வேலை வேண்டாமா? அவ்வேலை பெண்ணுக்கு எளிதில் கிடைப்பதாயில்லை. அக்டோபரில் பெண் விமானியர் நால்வர் கையொப்பமிட்ட மடல் ஒன்று, நாட்டில் உரிமம் பெற்றிருந்த 117 பெண்களுக்கும் சென்றது.

நவம்பர் 2ஆம் நாள் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், கர்ட்டிஸ் வானூர்தித் திடலின் கொட்டகையில் இருபத்தாறு பேர் கூடினர். அருகே எஞ்சின் ஒன்று முழங்கிக்கொண்டிருந்தது. கருவிப்பெட்டி வண்டியில் தேநீர் வந்தது. அந்த இரைச்சலுக்கிடையே தோழமை, வேலைவாய்ப்பு, பெண் விமானியர் பற்றிய பதிவேடு ஆகியவை குறித்துப் பேசினர்.

சங்கத்திற்குப் பெயர் வைப்பதுதான் பெரும்பாடாயிற்று. ‘ஏறுகொடிகள்’, ‘இரைச்சலிடும் பறவைப் பெண்கள்’ என்றெல்லாம் சொல்லிப் பார்த்தனர். நல்லவேளை, எதுவும் நிலைக்கவில்லை! தொடக்க உறுப்பினர் எத்தனை பேரோ அந்த எண்ணே பெயராகட்டும் என்னும் கருத்து ஏற்கப்பட்டது. வராதவர்களுக்கும் அதில் இடமிருந்தது. அஞ்சலில் இசைவு வர வர 86 என்பது 97 ஆயிற்று. பின்னர் 99 ஆகி நின்றது. ‘தொண்ணூற்றொன்பதின்மர்’ என்பதே பெயராயிற்று.

மடலில் கையொப்பமிட்டு, தொடக்கப் பணிகளை முன்னின்று நடத்தியவர் நீவா பாரிஸ். 1930 ஜனவரியில், புளோரிடாவில் நடக்கவிருந்த வான்பந்தயத்துக்குச் செல்லும் வழியில் அவர் விமான விபத்தில் மாண்டார். தலைவர் தேர்தல் தள்ளிப்போயிற்று. 1931இல்தான் அமேலியா ஏர்ஹார்ட் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நீவா பாரிசையும் சேர்த்து எண்ணிய அந்தத் தொண்ணூற்றொன்பது அப்படியே இருந்தது.