விலைக்கு வராத எலும்புக்கூடுகள்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையோரம், பாதி எழும்பிய வீடுகளில் திருஷ்டிப் பூசணி தொங்குகிறது. உருட்டு விழி, கோரைப்பல், தொங்கும் நாக்கு. அக்டோபர் 31 இரவு ஹாலோவீனுக்காக அமெரிக்கர்கள் வாசலில் வைக்கும் பூசணி முகத்துக்கு இது தூரத்துச் சொந்தம். நான் பார்க்கப் போனதோ கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம்; 1690இல்தான் நாகப்பட்டினத்துக்கு மாறினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று பார்க்க அதிகமில்லை. கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாகவே இருக்கிறது.

அதன் நுழைவாயிலில் இருபுறமும் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. குனிந்து பார்த்தேன். விலா எலும்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது உளி. கண்குழியில் செம்மண் தூசி படிந்திருக்கிறது. உப்புக்காற்றும் மழையும் தின்றது போக மிஞ்சியதே இவ்வளவு தெளிவு என்றால், உளி பட்ட அன்று எப்படி இருந்திருக்கும்! இவை யாரையும் பயமுறுத்த வைத்தவை அல்ல. எலும்புக்கூடு, மண்டையோடு, மணற்கடிகை ஆகியவற்றைச் செதுக்கி 'உனக்கும் ஒருநாள் உண்டு' என்று நினைவூட்டுவது அந்தக் கால ஐரோப்பியரின் வழக்கம்.

உள்ளே படுக்கைக் கற்களில் டச்சு எழுத்துகள் புடைப்பாக நிற்கின்றன, மேலே குடும்பச் சின்னங்கள். அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் சென்னை மாகாணத்து டச்சுச் சின்னங்களைப் பற்றி 1897இல் வெளியிட்ட நூலில் இந்த ஊரையும் பதிவு செய்திருக்கிறார்.

கல்லில் அல்ல, அட்டையில் செய்த எலும்புக்கூடுகளுக்கோ விலை உண்டு. அமெரிக்காவில் பழைய ஹாலோவீன் அலங்காரங்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 1900இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய பைஸ்டில் நிறுவனத்தின் அட்டை எலும்புக்கூடுகள், டென்னிசன் நிறுவனத்தின் கிரேப் காகிதத் தோரணங்கள், ஜெர்மனியில் காகிதக்கூழால் செய்து கப்பலேறிய விளக்குகள் எல்லாம் ஏலத்துக்கு வருகின்றன. சில்லறைக் காசுக்கு விற்ற பொருளுக்கு இன்று நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். காரணம் எளிது. ஒரு ராத்திரி மாட்டிவிட்டு மறுநாள் குப்பையில் போட்டார்கள். போடாமல் பரணில் வைத்தவர்கள் சிலரே. அட்டையின் பின்புறம் கம்பெனி முத்திரை இருந்தால் விலை இன்னும் ஏறும்.

அந்த வியாபாரத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அதே கண்ணோடு பழவேற்காட்டுக்கு வரக்கூடாது. பழைய துறைமுகம் என்றதும் டச்சுக் காசு கிடைக்குமா, பீங்கான் துண்டு கிடைக்குமா என்று விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். நூறு வயது கடந்த கலைப்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினாலோ பெயர்த்தாலோ இரண்டு ஆண்டுவரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டும் சேர்த்தோ உண்டு. சட்டம் இருக்கட்டும். அந்த எலும்புக்கூட்டை வாசலிலிருந்து பெயர்த்து ஒரு வரவேற்பறையில் வைத்தால் அது வெறும் பொம்மை. கல்லறைகளைக் காத்து நிற்பதால்தான் அதற்குப் பேச்சு இருக்கிறது.

படகுத்துறைப் பக்கம் இறால், நண்டு ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அக்கா பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். பழவேற்காட்டுப் பெண்களிடம் நெடுங்காலமாக இருக்கும் கைவேலை இது. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சீராகக் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுக்கிறார்கள். அவர் கையில் ஊதாவும் மஞ்சளும் மாறி மாறி ஓடின. மூலை திரும்பும் இடத்தில் ஓலையை நாக்கால் லேசாக நனைத்து மடித்தார். வெடிக்கவில்லை.

"அக்கா, உங்க அம்மா காலத்துப் பெட்டி ஏதாவது வீட்டுல இருக்கா?"

"அதெல்லாம் யாருங்க வெச்சிருக்கா? பூச்சி அரிச்சா அடுப்புல போட்டுடுவோம்."

எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர் அம்மா போட்ட பின்னல், அன்றைய சாயம், அன்றைய அளவு எதுவும் மிச்சமில்லை. அமெரிக்கர்களின் அட்டை எலும்புக்கூட்டுக்குப் பரணாவது கிடைத்தது. ஓலைக்குப் பூச்சி, ஈரம், அடுப்பு என்று மூன்று எதிரிகள். கல்யாணத் தாம்பூலத்துக்கும் கொலுவுக்கும் இந்தப் பெட்டிகளை வாங்கும் நாமும், பண்டிகை முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் கல்லறை வாசலைப் பார்க்கத் தவறாதீர்கள். கல்லைத் தொட்டுச் சுரண்டாதீர்கள், பழைய காசை விலை பேசாதீர்கள். ஓலைப்பெட்டி வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். முடைந்தவரின் அனுமதியோடு அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.