மூன்று வருடக் காத்திருப்பு

சிரியப் போரில் வீடிழந்தவர்களில் சிலரைப் பிரிட்டன் தானே விமானம் ஏற்றிக் கூட்டி வந்தது. ஆனால் முதலில் தந்தது அகதித் தகுதி அல்ல, மனிதாபிமானப் பாதுகாப்பு மட்டும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அந்தப் பாதுகாப்பு அனுமதியோடு பல்கலைக்கழகக் கடன் கேட்டால், "மூன்று வருடம் இங்கே வசித்தீர்களா?" என்ற கேள்வியிலேயே விண்ணப்பம் நின்றுவிடும். போரால் ஏற்கெனவே படிப்பு அறுந்துபோன பிள்ளைக்கு மேலும் மூன்று வருடம் போனால், அப்புறம் குடும்பப் பாரம் எங்கே படிக்க விடும்?

2017 ஜூலை முதல், மீள்குடியேற்றப்பட்டவர்களுக்கு அகதித் தகுதியே வழங்கினார்கள். அகதித் தகுதிக்கு அந்த மூன்று வருட நிபந்தனை இல்லாததால் காத்திருப்பு ஒழிந்தது. 2022இல் மீள்குடியேற்றத் திட்டங்களில் வந்த ஆப்கானியருக்கும் காத்திருக்காமல் கல்விக் கடன் பெறும் வழி திறந்தது.

இதை இலவசம் என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒன்று: இது கடன். சம்பளம் வரம்பைத் தாண்டியதும் பிடித்துக்கொள்வார்கள். ஒருவரை அழைத்து வந்து குடியமர்த்தும் நாடு, கல்லூரிக் கதவையும் அன்றே திறந்துவிட வேண்டும்.