ஜூன் குளிருக்கு ஜனவரியில் விறகு

வானொலியில் எனக்கு எல்லாமே நொடிக் கணக்கு. ஏழு மணிச் செய்திக்கு முன் பாட்டு முடிந்தாக வேண்டும். பத்து நொடி மிஞ்சினால் பேசி நிரப்ப வேண்டும். ஊடகத்துறைப் பட்டப்படிப்பிலும் நேரத் திட்டமிடல்தான் எனக்குப் பிடித்த பாடம். ஆனால் "என்றைக்கு, எத்தனை மணிக்கு?" என்ற என் கேள்விக்கு இந்த ஆண்டு மாதக்கணக்கில் பதில் கிடைக்காத ஒரு காரியம் இருந்தது: அக்கா வீட்டுக் கணப்படுப்பு.

அக்கா இருப்பது நியூசிலாந்தின் கிறிஸ்ட்சர்ச் நகரில். அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்டுதான் குளிர்காலம். நாம் டுரியான் கடை தேடிப் போகும் நாள்களில் அங்கே புல்மேல் உறைபனி படர்ந்திருக்கும். அக்காவுக்கு ஜூன் நடுவில் பிரசவம். துணைக்கு அம்மா போவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு 67 வயது. குளிர் பட்டால் மூட்டுகள் பிடித்துக்கொள்ளும். இங்கே பேரங்காடிக்குப் போனாலே சால்வை எடுத்துக்கொள்கிறவர்.

அக்கா வீட்டில் மின்சாரத்தில் ஓடும் வெப்பக் கருவி இருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போச்சு. அந்த ஊரில் முன்பு நிறைய வீடுகளில் செங்கல் புகைபோக்கி இருந்தது. 2010 செப்டம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் வந்த நிலநடுக்கங்களில் அவை ஏராளமாக இடிந்து விழுந்தன. அக்கா வாங்கிய வீட்டிலும், பழைய கணப்பு இருந்த இடத்தில் அடைத்துப் பூசிய சுவர்தான் மிச்சம்.

அத்தான் ஜனவரி வெயிலிலேயே வேலையைத் தொடங்கினார். கடையில் வாங்கி, ஆள் வைத்து மாட்டிவிடும் பொருள் அல்ல அது. முதலில் மாநகர மன்றத்தின் அனுமதி வேண்டும். குளிர்கால இரவுகளில் கனத்த குளிர்காற்று தரையோரம் தங்க, மேலே நிற்கும் வெப்பக்காற்று மூடிபோல் புகையை ஊருக்குள்ளேயே அடைத்து வைக்கும் என்பதால், மிகக் குறைவாகப் புகைவிடும் வகைக்குத்தான் அங்கே இடம். அனுமதிக்குச் சட்டப்படி 20 வேலை நாள். ஒரு வரைபடம் குறைந்தாலும் கடிதம் வரும். பதில் போகும்வரை நாள் கணக்கு நின்றுவிடும். நிலநடுக்கத்தில் சாயாதபடி அடுப்பைத் தரையோடு முடுக்க வேண்டும். புகைக்குழாயின் உச்சி, அடுப்பு நிற்கும் தளத்திலிருந்து 4.6 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். பொருத்தி முடித்தபின் அதிகாரி வந்து பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். இதையெல்லாம் தாண்டிக் குதித்தால், நாளை தீ விபத்து நேரும்போது காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கலாம்.

மார்ச்சில் அனுமதி வந்துவிட்டது. பொருத்துகிறவர்கள்தான் கிடைக்கவில்லை. முதல் குளிர்காற்று அடித்ததும் ஊரே அவர்களை அழைக்கிறது. மே தொடக்கத்தில் ஒரு நாள் கொடுத்தார்கள். முந்தின மாலை, கூரைக்கான குழாய்த் துண்டு வரவில்லை என்று சொல்லி ஜூன் 9க்குத் தள்ளினார்கள். அம்மாவின் விமானம் ஜூன் 3.

பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன்.

"அடுப்பு வந்தாத்தான் வருவேன்னு பிரசவ வலிகிட்டச் சொல்ல முடியுமா?" என்றார் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அத்தனை நாளும் அம்மா கேட்டது ஒன்றைத்தான்: "விறகு காஞ்சிருச்சா?" ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் விறகில் சமைத்து வளர்ந்தவர். அத்தான் ஜனவரியிலேயே விறகு வாங்கி அடுக்கியிருந்தார். ஈர விறகை எரித்தால் சூட்டில் ஒரு பகுதி அதிலுள்ள நீரை ஆவியாக்கவே போய்விடும். புகைக்குழாயில் கரியும் கீலும் படிந்து, ஒருநாள் குழாயே தீப்பிடிக்கும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக் காட்டச் சொன்னார் அம்மா. அத்தான் புலனத்தில் குரல் பதிவு அனுப்பினார். நிலையத்தில் ஒலிவாங்கியை மூடிவிட்டு, காதணி ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். ஒரு ஜோடி கணீரென்றது. இன்னொன்று மண்ணில் தட்டியதுபோல் தொப்பென்றது. கேட்டுப் பிழைக்கிற எனக்கே அதன் அர்த்தம் அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

"ரெண்டாவது இன்னும் பச்சை. அதைத் தொடாதீங்க மாப்பிள்ளை."

அத்தான் தினமும் காலையில் அந்த நிறுவனத்தை அழைத்து, யாராவது நாளை ரத்து செய்தார்களா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். கூச்சம் பார்க்காமல் இப்படிக் கேட்பது, என்னைக் கேட்டால், எந்த முன்பதிவையும்விடப் பலன் தரும். மே 27 அன்று ஓர் இடம் காலியானது. இருவர் வந்து, ஒரே நாளில் பொருத்திவிட்டுப் போனார்கள். 30ஆம் தேதி அதிகாரியும் வந்து பார்த்தார். புது அடுப்பின் சாயம் இறுகும்வரை வாடை வரும் என்பதால், முதல் இரண்டு மூன்று முறை சன்னல்களைத் திறந்துவைத்துச் சிறு தீ மட்டும்தான் மூட்ட வேண்டும். அந்த நேரங்களில் அக்கா தோழி வீட்டில் இருந்துகொண்டார்.

பேத்தி பிறந்து இன்றோடு பன்னிரண்டு நாள். அம்மாவுக்கு அடுப்பின்மேல் ஒரே ஒரு குறைதான்: கண்ணாடிக் கதவு போட்டிருப்பதால் ஊதுகுழலுக்கு வேலை இல்லையாம். இப்போது அத்தானை விரட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பச்சை விறகைத் தரையில் படாமல், காற்றுப் போகும்படி, சுவரோரம் மாற்றி அடுக்க வேண்டுமாம். அது அடுத்த ஆண்டுக்கு.